எண்பது பேர் வந்தால் பாட்டு மாறும்: பண்ணைப்புரத்திலிருந்து ஓர் ஒலிப் பாடம்

'இண்டி பேண்ட்' என்றதும் நம்மில் பலருக்கு சென்னை, பெங்களூரு கஃபேக்கள்தான் ஞாபகத்துக்கு வரும். சினிமாவோ ஆடியோ கம்பெனியோ பின்னால் இல்லாமல், சொந்தமாகப் பாட்டுக் கட்டி, சின்ன இடத்தில், எதிரே நிற்கிற ஆட்களுக்காக வாசிக்கிற குழுதான் இண்டி என்றால், அப்படி ஒரு பேண்ட் நம்ம உத்தமபாளையத்துக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கு. பண்ணைப்புரம் பாவலர் பிரதர்ஸ்.

அண்ணன் பாவலர் வரதராஜன், தம்பிகள் பாஸ்கர், ராஜா, அமர். இதில் ராஜா யார் என்று சொல்லத் தேவையில்லை. வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். மக்கள் வாயில் ஏற்கெனவே புழங்கும் சினிமா மெட்டை எடுத்து, அதில் தன் வரிகளைப் போடுவார். கூலி, பஞ்சம், தேர்தல் என அந்த வாரம் ஊரில் என்ன பேச்சோ அதுதான் பாட்டு. மெட்டு பழசு என்பதால் முதல் தடவை கேட்கும்போதே கூட்டம் கூடப் பாடிவிடும். இதைக் காப்பி என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு இது நல்ல டிசைன் என்றுதான் தோணுது. கேட்பவருடைய மூளையில் ஏற்கெனவே இருக்கிற லைப்ரரியைக் கூப்பிட்டு, புது டேட்டாவை மட்டும் கொடுக்கிறார்.

1958-இல் கேரளாவின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல். முந்தைய ஆண்டு பதவிக்கு வந்த இ.எம்.எஸ். அரசுக்குப் பெரும்பான்மை மெலிசு, அதனால் ஒவ்வொரு இடமும் முக்கியம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பாவலர் மலையேறிப் போய் லயங்களுக்கு நடுவே பாடினார். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். அந்த வெற்றியில் அண்ணன் பாட்டுக்குப் பங்குண்டு என்று தம்பிகள் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்கள். ராஜா அண்ணனோடு ஊர் ஊராகப் போக ஆரம்பித்ததும் அந்தக் காலகட்டத்தில்தான். சின்னப் பையன் என்பதால் பெண் குரலில் பாடுவது அவர் வேலை. குரல் உடைந்ததும் ஆர்மோனியத்துக்குப் போனார், பெண் குரல் தம்பி அமருக்கு வந்தது.

இனி நம்ம சப்ஜெக்ட். அப்போதைய மேடையில் ஒலி என்றால் மைக்செட்காரர் கம்பத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர்தான். இந்தக் குழாய் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாக எதையும் தராது. ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் 100 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை. அது அப்படியே காணாமல் போகும். ஆனாலும் நமக்கு ஆண் குரலாகவே கேட்கிறதே, எப்படி? மேலே இருக்கும் ஹார்மோனிக்ஸ்களின் இடைவெளியை வைத்து, விட்டுப்போன அடிப்படையை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. போன் பேசும்போதும் இதேதான் நடக்குது. நம் காது ரொம்பக் கூர்மையாக இருப்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. குழாய் நன்றாக வேலை செய்வதும் ஏறத்தாழ அந்தப் பகுதியில். ஒரு பையனின் கூர்மையான குரலும் ஆர்மோனியத்தின் ரீட் சத்தமும் தோட்டத்தின் அந்தக் கடைசி வரைக்கும் கேட்டிருக்கும். தபேலாவின் டக்காதான் பாவம், பாதி காற்றோடு போயிருக்கும்.

தூரத்தையும் பார்த்துவிடலாம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். குழாயிலிருந்து 1 மீட்டரில் 110 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், 32 மீட்டரில் (2, 4, 8, 16, 32 என ஐந்து மடிப்பு) 80 டெசிபல். அது போதும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கு. இரண்டு கம்பத்தில் இரண்டு குழாய் கட்டினால், தூரத்துக் குழாயின் சத்தம் பிந்தி வரும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 17 மீட்டர் வித்தியாசம் என்றால் 50 மில்லிசெகண்ட். அதைத் தாண்டினால் வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குழம்பும். மேடைப் பாட்டுகளில் வரிகள் சின்னதாக இருப்பதற்கும், பின்பாட்டுக்காரர்கள் ஒவ்வொரு வரியையும் திருப்பிப் பாடுவதற்கும் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

அடுத்து அந்த 'கூ...' சத்தம். ஈசிஇ நண்பர்கள் இதை லேபில் காசு செலவழித்துக் கட்டியிருக்கிறார்கள்: ஆசிலேட்டர். ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் நுழைந்து, ஆம்ப்ளிஃபையரில் பெருகி, மறுபடி ஸ்பீக்கர் வழியே வருகிறது. சுற்றின் மொத்த கெயின் 1-ஐத் தொட்டு, ஃபேஸும் பொருந்தினால் பார்க்ஹவுசன் சொன்னபடி கூவ ஆரம்பிச்சிடும். வால்யூமைக் குறைப்பது ஒரு வழி. பாடுபவர் மைக்குக்குப் பாதி தூரம் நெருங்கி வருவது அதைவிட நல்ல வழி, 6 டெசிபல் இலவசம்! மைக்கை வாயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு மைக்செட்காரரை முறைக்கும் பாடகர்கள் கவனிக்க.

இப்போது மூடிய அறைக்கு வருவோம். நம்ம செமினார் ஹாலில் பசங்க பேண்ட் வாசித்தபோது 'ஒரே இரைச்சல், ஒண்ணும் புரியல'ன்னு சொன்னவர்கள் அதிகம். பலர் பாதியில் எழுந்து போனார்கள். அடுத்த வருஷத்துக்கு டிஜே போதும் என்ற பேச்சும் ஓடுது. தீர்ப்பு எழுதும் முன்னால் ஒரு சின்னக் கணக்கு போடலாம்.

சபைன் சூத்திரம்: ஒலி அடங்க ஆகும் நேரம் = 0.161 × கன அளவு ÷ மொத்த உறிஞ்சல். நேரம் நொடியில், அதாவது ஒலி 60 டெசிபல் இறங்க ஆகும் நேரம். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் உள்ள ஹால் என்றால் கன அளவு 320 கன மீட்டர். சுவர், தரை, கூரை சேர்த்து 304 சதுர மீட்டர். பூச்சுச் சுவர், டைல்ஸ் தரையின் உறிஞ்சல் கெழு தோராயமாக 0.03. ஆக மொத்த உறிஞ்சல் 9.12. நேரம் 5.65 நொடி! ஒரு ஸ்நேர் அடி அடங்கும் முன்னே அடுத்த பத்து அடி வந்து விழும். எந்த டிரம்மராலும் இதைக் காப்பாற்ற முடியாது.

இதே ஹாலில் 80 பேர் வந்து நிற்கட்டும். ஒரு ஆள், உடுத்திய துணியோடு சேர்த்து, நடு அதிர்வெண்களில் சுமார் 0.45 சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை விழுங்குவார். 80 பேருக்கு 36. மொத்தம் 45.12. நேரம் 1.14 நொடி. அதே பேண்ட், அதே ஆம்ப், அதே பாட்டு. வரி புரிய ஆரம்பிக்கும். பாதிக் கூட்டம் எழுந்து போனால்? 40 பேருக்கு 18, மொத்தம் 27.12, நேரம் 1.9 நொடி. மறுபடி குழம்பல். 'சரியில்லை' என்று வெளியே போனவர்கள்தான் உள்ளே இருந்தவர்களின் ஒலியைக் கெடுத்தார்கள் என்று சொன்னால் கோபப்படுவீங்க, ஆனா கணக்கு அப்படித்தான் வருது.

சின்ன இடத்துக்குக் கேட்கப் போகும்போது எங்கே நிற்பது என்பதும் முக்கியம். பின் சுவரை ஒட்டி நின்றால் பேஸ் வீங்கிக் கேட்கும். ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் நின்றால் டிரம்ஸின் நிஜ சத்தம் மறைந்துபோகும், காதும் வலிக்கும். மிக்சர் மேசைக்குப் பக்கம் நில்லுங்க. அங்கே ஒலி அமைப்பவர் எதைக் கேட்டு எதைத் திருத்துகிறாரோ அதுவே உங்களுக்கும் கேட்கும். முடிந்தால் சவுண்ட் செக்குக்கே போய்விடுங்க. காலி ஹாலில் நாலு ட்யூன் கேட்டு, பிறகு கூட்டத்தோடு கேட்டால் சபைன் யாரும் சொல்லித்தராமலே புரிவார். பாட்டுக்கு நடுவே ஆட்களையும் கவனிங்க. கண்ணால் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டு எப்படித் திருப்பத்துக்கு வருகிறார்கள் என்பது எந்த ரெக்கார்டிங்கிலும் இல்லை.

பாவலர் செய்தது நின்றுபோகவும் இல்லை. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் ராப்பையும் ராக்கையும் சேர்த்து, சாதி பற்றி நேருக்கு நேராகப் பாடியது. மேடை பெரிசு, ஸ்பீக்கர் புதுசு. கேட்கிறவர் வாழ்க்கையையே பாட்டாக்கித் திருப்பிக் கொடுக்கும் வேலை அதேதான்.

நம்ம பேண்ட் அடுத்த செமஸ்டரில் மறுபடி வாசிக்கப் போகிறார்கள். அதற்கு முன் ஒரு அசைன்மென்ட்: டேப் எடுத்துப்போய் செமினார் ஹாலை அளங்க. காலி ஹாலில் ஒரு பலூனை உடைத்து, போனில் ரெக்கார்ட் செய்து, ஒலி அடங்கும் நேரத்தைப் பாருங்க. நம்ம கணக்கோடு எவ்வளவு ஒத்துப்போகிறது, ஒரு நொடிக்குக் கீழே இறக்க எத்தனை பேர் வேண்டும் என்று எழுதி அனுப்புங்க. திரைச்சீலைக்குக் கெழு 0.5 என்று வைத்துக்கொள்ளலாம். ஆள் குறைந்தால் ஹாஸ்டல் போர்வைகளைச் சுவரில் தொங்கவிட்டும் கணக்குப் போடலாம்.