பெருங்குடற் புற்றுநோய்: உயிரணுச் சிகிச்சையும் மூலிகை வைத்தியமும்

திருப்பதியில் அலிபிரி அருகே 2022ஆம் ஆண்டு மே மாதம் ஸ்ரீ வேங்கடேசுவரா புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. அந்நகரிலேயே தேவஸ்தானத்தின் ஆயுர்வேதக் கல்லூரியும் அதனைச் சேர்ந்த மருத்துவமனையும் நடைபெற்று வருகின்றன. ஆகவே சித்தூர், திருப்பதி மாவட்டங்களைச் சேர்ந்த நோயாளி இருவகை வைத்தியத்தையும் ஒருங்கே நாடுவது எளிது. இரண்டும் சேருங்கால் விளைவது நன்மையா, தீமையா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களிற் சில, நோயுற்ற அணுக்களை இனங்கண்டு அழிப்பன. புற்றணுக்களோ உடலின் சொந்த அணுக்களினின்றே தோன்றுவதால், பல சமயங்களில் அக்காவலுக்குத் தப்பிவிடுகின்றன. எனவே நோயாளியின் வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் மாற்றியமைத்தோ பெருக்கியோ மீண்டும் உடலிற் செலுத்தும் முறை தோன்றியது. இவ்வகையில் பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய 'கார்-டி' சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அது சிலவகை இரத்தப் புற்றுநோய்களுக்கும் நிணநீர்ப் புற்றுநோய்களுக்குமே உரியது. பெருங்குடற் புற்று திண்மையான கட்டியாதலின், செலுத்தப்பட்ட அணுக்கள் அதனுள் நுழைவது கடினம். நுழைந்தவையும் அங்கே வலுவிழக்கின்றன. ஆதலின் இந்நோய்க்கு இம்முறை இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது.

சீனாவில் இத்தகைய அணுக்களைச் செலுத்துவதோடு மூலிகைக் கஷாயங்களையும் அளிக்கும் முயற்சிகள் நடைபெற்றுள்ளன. எனினும் போதிய சான்றின்றிப் பல மருத்துவமனைகள் கட்டணத்திற்கு உயிரணுச் சிகிச்சை அளித்து வந்தமையால், 2016இல் அந்நாட்டு அரசு அதனை ஆராய்ச்சியளவில் கட்டுப்படுத்தியது.

மூலிகைகளின் ஆற்றலையும் குறைவாக மதித்தல் கூடாது. 1966இல் வால், வாணி முதலிய அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு சீன மரத்திலிருந்து காம்ப்டோதெசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்ததாக அறிவித்தனர். அதனின்று உருவான இரினோடெகான் இன்று பெருங்குடற் புற்றுக்கு வழங்கும் மருந்துகளுள் ஒன்று. கடும் பேதியை உண்டாக்குவது அதன் குறை. அதிமதுரமும் இலந்தை இனக் கனியும் உள்ளிட்ட நான்கு சரக்குகளால் ஆன பழஞ்சீனக் கஷாயம் ஒன்று, இம்மருந்தினால் எலிகளின் குடலில் உண்டாகும் சேதத்தைக் குறைப்பதாக யேல் பல்கலைக் கழகத்தார் 2010இல் வெளியிட்டனர்.

இதற்கு மறுபுறமும் உண்டு. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் ஐரோப்பிய மூலிகையை இரினோடெகானுடன் உட்கொண்ட ஐந்து நோயாளிகளிடம், அம்மருந்தின் செயற்படும் பகுதி இரத்தத்தில் 42 சதவீதம் குறைந்தமை 2002இல் கண்டறியப்பட்டது. மருந்து ஒன்றே, ஆனால் ஒரு மூலிகை அதன் கேட்டைத் தணிக்க, மற்றொன்று அதன் பயனையே குறைத்தது.

உயிரணுச் சிகிச்சைக்கும் இப்பாடம் பொருந்தும். வெள்ளணுக்களின் வேகத்தை அடக்கும் மூலிகை சிகிச்சையின் பலனைக் குறைக்கலாம். அவற்றை அளவுமீறித் தூண்டுவதோ கடுங்காய்ச்சலையும் அழற்சியையும் மிகுவிக்கலாம். உயிரணுச் சிகிச்சை மட்டும் பெற்றோரையும், மூலிகையும் சேர்த்துப் பெற்றோரையும் ஒப்பிட்டு நோக்கினாலன்றிச் சேர்க்கையின் பயன் விளங்காது. கஷாயத்தின் சரக்குகளும் அளவும் ஒரே சீராக இருத்தலும் இன்றியமையாதது.

அத்தகைய சான்று கிட்டும்வரை நோயாளி செய்யத்தக்கது ஒன்றுண்டு. தாம் உட்கொள்ளும் சூரணம், லேகியம், கஷாயம் அனைத்தையும் புற்றுநோய் மருத்துவரிடமும், மருத்துவமனையில் பெறும் மருந்துகளை ஆயுர்வேத வைத்தியரிடமும் மறையாது கூறுதல் வேண்டும். இருவருள் ஒருவர் அறியாத மருந்து, எவ்வளவு நல்லதாயினும், ஆபத்துக்கு இடந்தருவதாகும்.