மழை பெய்தால் விழும் டிரிப்பர்

கேள்வி: வீட்டில் ஆர்.சி.சி.பி. அடிக்கடி டிரிப் ஆகிறது. மழை நாளில் ரொம்ப மோசம். அதைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்புக் கொடுத்துவிடலாம் என்கிறார் எலெக்ட்ரீஷியன். செய்யலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கூடவே கூடாது. ஃபேஸில் போகும் மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. வீட்டு ஆர்.சி.சி.பி. பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர். அந்த அளவுக்குக் கசிந்தால் விழுந்தே ஆக வேண்டும். கசிவது ஈரச் சுவர் வழியாகவா, உங்கள் உடம்பு வழியாகவா என்று அதற்குத் தெரியாது.

எல்லா எம்.சி.பி.களையும் அணைத்துவிட்டு அதை மேலே தூக்குங்கள். நின்றால், எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ, கோளாறு அந்த லைனில். அதிலுள்ள பிளக்குகளை உருவிவிட்டு மறுபடி பாருங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. அது ஃபேஸை மட்டும்தான் வெட்டும். வழக்கமாக மாட்டுவது கீசர். ஆனால் மழை என்கிறீர்களே, எனக்கு மொட்டைமாடி விளக்கின் மீதும் மோட்டார் லைன் மீதும்தான் சந்தேகம்.

எல்லாம் அணைந்திருந்தும் விழுகிறதா? எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கலாம். ஒற்றை முனை எம்.சி.பி. நியூட்ரலைத் துண்டிப்பதில்லை. இன்வெர்ட்டர் மாட்டிய பிறகுதான் இந்தத் தொல்லை என்றால், நியூட்ரலை மாற்றிக் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சுவிட்ச்போர்டைத் திறக்கும் வேலை உங்களுக்கு வேண்டாம். மெக்கர் வைத்து ஒயரைச் சோதிக்கத் தெரிந்த வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.