கேட்டால் குறைந்துபோக மாட்டாய்

அன்புள்ள சரவணா,

போனில் நீ மென்று விழுங்கிக் கேட்டதற்கு நிதானமாகப் பதில் எழுதுகிறேன். "அவளுக்குச் சந்தோஷமா இல்லையான்னே தெரியல பெரியம்மா" என்றாய். கல்யாணமான நான்காம் மாதமே இந்தச் சந்தேகம் வந்தது நல்லதுதான். என் கிளினிக்குக்கு வரும் ஆண்கள் பலருக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் அது வருவதில்லை.

முதலில் உடம்பைத் தெரிந்துகொள். பெண்ணின் இன்பத்துக்கு முக்கியமான இடம் யோனிப் பாதை இல்லை. அதற்கு மேலே, உள்ளிதழ்கள் கூடும் இடத்தில் இருக்கும் கிளிட்டோரிஸ். கருவில் ஆண்குறியும் அதுவும் ஒரே திசுவிலிருந்துதான் உருவாகின்றன. கிளர்ச்சியின்போது அதிலும் ரத்தம் பாய்ந்து புடைக்கும். வெளியே தெரிவது நுனி மட்டும். பெரும்பகுதி உள்ளே இரண்டாகப் பிரிந்து இறங்குகிறது. ஜெர்மனியின் கோபெல்ட் 1844லேயே இதை வரைந்து வைத்தார். அப்புறம் மருத்துவ உலகம் வசதியாக மறந்துவிட்டது. 1998இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஹெலன் ஓகானல் மறுபடி அறுத்துப் பார்த்து எழுத வேண்டியிருந்தது. நடுவில் 1905இல் ஃபிராய்டு, வளர்ந்த பெண்ணுக்கு இன்பம் யோனிக்கு இடம் மாறிவிட வேண்டும் என்று எழுதினார். அந்த ஊகத்தை நம்பி எத்தனை பெண்கள் கோளாறு தங்களிடம்தான் என்று நினைத்திருப்பார்கள்! எனக்கு இன்னும் ஆத்திரம்தான்.

2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உச்சம் அடைய உடலுறவு மட்டுமே போதும் என்ற பெண்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. அதனால் உன் மனைவியிடம் குறை இல்லை, உன்னிடமும் இல்லை. நீங்கள் சினிமாவிலும் செல்போனிலும் பார்த்த அவசரத்தில்தான் குறை.

இன்னொன்று. பல பெண்களுக்கு ஆசை முதலில் வந்து உடம்பு பின்னால் வருவதில்லை. பேச்சு, நெருக்கம், தொடுதல் என்று உடம்பு இளகிய பிறகுதான் ஆசையே எழும். அவளாக வந்து கேட்கவில்லை என்பதால் உன்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதே. அதற்காக, வேண்டாம் என்பவளை இளக்கிவிடலாம் என்றும் எண்ணாதே. "இன்னைக்கு வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். அதற்கு நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், அடுத்த முறை அவள் சொல்லும் சம்மதம் பயத்தில் சொன்னதாக இருக்கும்.

சரி, எப்படிக் கேட்பது? முடிந்ததும் "நல்லா இருந்துச்சா?" என்று கேட்காதே. அதற்கு "ம்" என்பதைத் தவிர அவளால் என்ன சொல்ல முடியும்? நடிப்பு தொடங்குவது அங்கேதான். "இப்படியா, இன்னும் மெதுவாவா?" "இங்கேயா, கொஞ்சம் மேலேயா?" என்று கேள். ஒற்றைச் சொல்லில் பதில் வரும். வார்த்தை வராவிட்டால் உன் கையைப் பிடித்து அவளே காட்டட்டும். பெரிய பேச்சைப் படுக்கையில் வைத்துக்கொள்ளாதே. உங்கள் வீட்டில் அடுத்த அறையில் அம்மா, ஹாலில் தாத்தா. அங்கே யாருக்கு வாய் திறக்கும்? மொட்டைமாடியிலோ, பைக்கில் போகும்போதோ பேசு. முகம் பார்க்காமல் பேசுவது சிலருக்கு எளிது. ஏதாவது ஒன்று பிடிக்கவில்லை என்று அவள் சொன்னால், "இத்தனை நாள் ஏன் சொல்லல?" என்று திருப்பிக் கேட்காதே. அதோடு அவள் வாயை மூடிக்கொள்வாள்.

வலி இருந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்து. "போகப் போகச் சரியாகும்" என்ற பாட்டி வைத்தியம் இதற்கு ஆகாது. வறட்சிக்கு மெடிக்கல் ஷாப்பில் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் கிடைக்கும். ஆணுறை போடும்போது தேங்காய் எண்ணெய் தடவாதே, ரப்பர் கிழிந்துவிடலாம். தசை தானாக இறுகி உள்ளே நுழையவே முடியாத நிலைக்கு வஜைனிஸ்மஸ் என்று பெயர். பயிற்சியாலும் ஆலோசனையாலும் பெரும்பாலும் குணமாகும். மகப்பேறு மருத்துவரிடம் இரண்டு பேருமாகப் போங்கள். என்னிடம்தான் வர வேண்டும் என்றில்லை. பெரியம்மாவிடம் அவளுக்குக் கூச்சமாக இருக்கும்.

இந்தக் கடிதத்தை அவளிடமும் கொடு. நான் எழுதியதில் எது அவளுக்குப் பொருந்தாது என்று கேள். அவள் சொல்வதும் நான் எழுதியதும் மோதினால், அவள் பேச்சைக் கேள்.

அன்புடன்,
பெரியம்மா