பதிவுகளுக்கும் பங்கீடு

மூன்று கோடிக்கும் அதிகமானோர் வாழும் மலேசியாவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு இருப்பதாகக் கொள்வோம். அவை அனைத்தையும் ஒரே கணினியில் வைத்தால், அது பழுதாகும் நாளில் எல்லாம் முடங்கிவிடும். ஆகவே, பெரிய தரவுத்தளங்களைப் பல கணினிகளில் பிரித்து வைக்கின்றனர். எப்படிப் பிரிப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

மாநிலத்திற்கு ஒரு கணினி என்பது எளிய வழி. ஷா ஆலம், கிள்ளான் மக்களின் பதிவுகள் யாவும் சிலாங்கூர்க் கணினிக்குச் செல்லும். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிலாங்கூரில் ஏறத்தாழ 70 இலட்சம் பேர் இருந்தனர். பெர்லிசில் 3 இலட்சத்திற்கும் குறைவு. பெர்லிஸ் கணினி சும்மா இருந்தாலும், ஷா ஆலம்வாசி தமது பதிவுக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும்.

அடையாள அட்டை எண்ணைக் கொண்டு பிரித்தால் என்ன? 12 இலக்கங்கள் கொண்ட அவ்வெண்ணின் இறுதி இலக்கம் ஆண்களுக்கு ஒற்றைப்படை, பெண்களுக்கு இரட்டைப்படை. எண்ணை இரண்டால் வகுத்து, மீதியைப் பார்த்து இரு கணினிகளுக்குப் பிரித்தால், ஆண்கள் அனைவரும் ஒன்றிலும் பெண்கள் அனைவரும் மற்றொன்றிலும் சேர்வர்! எண்ணிக்கை ஏறக்குறைய சமம்தான். ஆனால், மகப்பேற்று மருத்துவமனைகள் தகவல் கேட்கும்போதெல்லாம் ஒரே கணினிதான் பாடுபடும். பதிவுகள் சமமாக இருந்தால் மட்டும் போதாது. வேலையும் சமமாக வேண்டும்.

இதனால், ஒரு கணிதச் சூத்திரத்தைக் கொண்டு எண்ணை முதலில் நன்றாகக் கலைத்துவிடுகின்றனர். இம்முறைக்கு 'ஹேஷிங்' என்று பெயர். அடுத்தடுத்த எண்களும் தொடர்பே இல்லாத விடைகளைத் தரும். ஆயினும், ஓர் எண்ணுக்கு என்றும் ஒரே விடைதான். அவ்விடையைக் கணினிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், வரும் மீதி பதிவு இருக்கும் கணினியைக் காட்டிவிடும்.

மூன்று கணினிகள் போதாமல் நான்காவதைச் சேர்க்கும்போது வேறொரு தொல்லை எழுகிறது. விடை 7 என்றால், மூன்றால் வகுக்க மீதி 1. நான்கால் வகுக்க மீதி 3. அப்பதிவு இடம்பெயர வேண்டும். இப்படி நான்கில் மூன்று பங்குப் பதிவுகள் இடம் மாறும்.

1997இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கார்கரும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு வழி கண்டனர். விடைகளைக் கடிகார முகம்போல் ஒரு வட்டத்தில் அடுக்கி, கணினிகளையும் அவ்வட்டத்திலேயே அமர்த்தினர். ஒவ்வொரு பதிவும் வலஞ்சுழியாக அடுத்து வரும் கணினியைச் சேரும். புதிய கணினி தனக்கு அடுத்துள்ள கணினியின் பங்கில் ஒரு பகுதியை மட்டுமே வாங்கிக்கொள்கிறது, மற்றவை அசைவதில்லை. ஒரு கணினியின் பாரம் மட்டும் குறைந்தால் போதுமா? அதனால், ஒவ்வொரு கணினிக்கும் வட்டத்தில் பல இருக்கைகள் தருவதுண்டு. அப்போது புதிய கணினி எல்லாரிடமிருந்தும் சிறிது சிறிதாகப் பெற்றுக்கொள்ளும். பேஸ்புக் நிறுவனத்தில் அவினாஷ் லக்ஷ்மண், பிரசாந்த் மாலிக் ஆகியோர் உருவாக்கிய கசாண்ட்ரா தரவுத்தளத்தில் இன்று இம்முறை பயன்படுகிறது.