மறுபிறப்பா, உயிர்ப்பா? நமது விசுவாசம் சொல்வது என்ன

முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் ஆண்டுக்கணக்காக வாழ்ந்த குடும்பங்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: “போன பிறப்பில் நாங்கள் என்ன பாவம் செய்தோம், சுவாமி?” 1990, 1995, 2009 என்று ஆண்டுகள் மாறின, கேள்வி மாறவில்லை. கத்தோலிக்கரும் இதைக் கேட்கிறார்கள். சைவ அயலவரோடு ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளி, ஒரே வரிசையில் நிவாரணத்துக்கு நின்றவர்கள் நாம். அவர்களுடைய சொற்கள் நம் வாயிலும் வருவது இயல்பே.

ஆனால் இக்கேள்விக்குள் பெரிய சுமை ஒன்று இருக்கிறது. இழந்த வயலும் பறிகொடுத்த பிள்ளையும் தனக்கு வந்த தண்டனை என்று ஒருவர் எண்ணத் தொடங்கினால், துன்பத்தோடு குற்றவுணர்வையும் சேர்த்துச் சுமக்கிறார். ஆகவே இப்பாடத்தை நிதானமாகப் படிப்போம்.

1. அயலவரின் நம்பிக்கையை அறிவோம்

மறுபிறப்பு என்றால் தண்டனை என்று மட்டும் நினைப்பது சைவத்துக்கும் நியாயம் செய்வதாகாது. ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களால் ஆன்மா கட்டுண்டிருக்கிறது என்றும், பிறவிகள் வழியே அது பக்குவப்பட்டு, இறைவனின் அருளால் விடுதலை பெறுகிறது என்றும் சைவ சித்தாந்தம் போதிக்கிறது. பௌத்தம் நிலையான ஆன்மா ஒன்றை ஏற்பதில்லை. ஆயினும் வினையின் தொடர்ச்சியால் மறுபிறப்பு உண்டென்கிறது. பிற சமயங்களிலுள்ள உண்மையானதும் தூயதுமான எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் அறிவித்தது. மதிப்போடு கேட்போம். அதேவேளை, நாம் நம்புவது எது என்பதிலும் தெளிவாயிருப்போம்.

2. திருச்சபை மறுபிறப்பை ஏன் ஏற்பதில்லை?

மனிதர் இறப்பது ஒரே முறை, அதன்பின் தீர்ப்பு என்று எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் 9ஆம் அதிகாரம் போதிக்கிறது. 1992 இல் வெளியான கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூலும், சாவுக்குப் பின் மறுபிறப்பு இல்லை என்று தெளிவாகவே கூறுகிறது.

உடல் என்பது ஆன்மா உடுத்திக் களையும் வேட்டி அல்ல. உடலும் ஆன்மாவும் சேர்ந்ததே மனிதர். கலப்பை பிடித்துக் காய்த்த கையும், பிள்ளையைத் தூக்கிய தோளும் நீங்களே. உங்களைப் போல் இன்னொருவர் இருந்ததில்லை, இனி இருக்கப்போவதுமில்லை. உங்களைப் பெயர் சொல்லி அழைத்த கடவுள், உங்களையே திரும்பப் பெற விரும்புகிறார்.

திருமுழுக்கு யோவான் எலியாவின் மறுபிறப்புத்தானே என்று சிலர் கேட்பதுண்டு. நீர் எலியாவா என்று கேட்டபோது, இல்லை என்று யோவானே மறுத்ததை யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் காணலாம். எலியாவின் மனப்பாங்கோடும் வல்லமையோடும் அவர் வந்தார் என்பதே லூக்கா தரும் விளக்கம்.

முன்பு திருச்சபை மறுபிறப்பை ஏற்றிருந்தது, 553 ஆம் ஆண்டுச் சங்கந்தான் அதை நீக்கியது என்ற பேச்சும் உண்டு. அது சரியல்ல. பிறப்புக்கு முன்பே ஆன்மாக்கள் இருந்தன என்று கருதியவர் 3ஆம் நூற்றாண்டு அறிஞர் ஒரிஜன். அவர் பெயரோடு இணைந்த அக்கருத்தே 6ஆம் நூற்றாண்டில் கண்டிக்கப்பட்டது. ஆன்மா உடல்விட்டு உடல் மாறுவதை ஒரிஜன் தாமே தமது மத்தேயு விளக்கவுரையில் மறுத்திருக்கிறார்.

3. உயிர்ப்பு என்பது என்ன?

கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்தில் புனித பவுல் விதையை உவமையாக்குகிறார். கமக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மொட்டைக்கறுப்பன் விதைத்தால் மொட்டைக்கறுப்பன்தான் முளைக்கும். ஆனால் மண்ணுக்குள் போன மணியும் கதிரோடு நிற்கும் பயிரும் பார்வைக்கு ஒன்றல்ல. இறப்பவரே உயிர்க்கிறார், வேறொருவர் அல்லர். ஆயினும் பழைய நிலைக்குத் திரும்பாமல் அழிவற்ற புது வாழ்வு பெறுகிறார்.

உயிர்த்த இயேசுவின் உடலில் ஆணிக் காயங்கள் இருந்தன. அவற்றைத் தோமாவுக்குக் காட்டினார். கடவுள் அக்காயங்களை அழித்துவிடவில்லை. நடந்த அநீதியை மறந்துவிடுங்கள், பேசாதீர்கள் என்று சொல்வதற்கு உயிர்ப்பு விசுவாசம் இடந்தராது.

4. யார் செய்த பாவம்?

யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று கேட்கிறார்கள். இரண்டுமில்லை என்கிறார் இயேசு. பிறகு அவருக்குப் பார்வை கொடுக்கிறார். லூக்கா 13ஆம் அதிகாரத்தில், சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்கிறார். எல்லோரையும் மனந்திரும்ப அழைக்கிறார்.

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பதை நாமும் ஏற்கிறோம். கலாத்தியருக்கு எழுதுகையில் பவுலும் அவ்வாறே போதிக்கிறார். செயலுக்கு விளைவு உண்டு என்பது ஒன்று. துன்பப்படுபவரைக் கண்டதும் அவரிடம் பாவம் தேடுவது வேறொன்று. ஷெல் விழுந்ததற்கும் காணி பறிபோனதற்கும் மனிதர் எடுத்த முடிவுகள் காரணம். அதை முற்பிறப்பின் கணக்கில் எழுதினால், உண்மையில் பொறுப்புடையவர்கள் தப்பிவிடுகிறார்கள்.

5. விசுவாசத்தின் பங்கு

நாம் நம்புவதால் உயிர்ப்பு உண்டாவதில்லை. அது கடவுளின் செயல். அந்தச் செயலுக்கு நம்மைத் திறந்து கொடுப்பதே விசுவாசம். அது காட்டியவருக்கு மட்டும் பங்கு கொடுக்கும் நிவாரண அட்டை போன்றதல்ல. மத்தேயு 25இல் பசித்தவருக்கு உணவு கொடுத்தாயா, அந்நியரை ஏற்றாயா என்றே தீர்ப்பில் கேட்கப்படுகிறது. செயலற்ற விசுவாசம் செத்தது என்கிறார் யாக்கோபு. தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல், நேரிய மனத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின்படி வாழ்வோரும் மீட்படையலாம் என்று 1964 இல் வத்திக்கான் சங்கம் போதித்தது. சைவராக இறந்த உங்கள் மாமியாரையும் அயலவரையும் நம்பிக்கையோடு கடவுளின் கையில் ஒப்படைக்கலாம்.

புதிய பூமியை எதிர்பார்ப்பது இந்தப் பூமியின் மீதுள்ள அக்கறையைக் குறைக்கக் கூடாது, தூண்ட வேண்டும் என்றும் அதே சங்கம் 1965 இல் கூறியது. ஆகவே காணி உறுதியைத் தேடுவதும், பற்றை வெட்டி வரம்பு கட்டுவதும், விதைநெல் சேர்ப்பதும் விசுவாசத்துக்குப் புறம்பான வேலைகள் அல்ல.

6. சேமக்காலையில் அடக்க முடியாதவர்கள்

வழியிலும் பதுங்குகுழியிலும் விட்டுவந்த உறவுகளை நினைத்து, பூசையும் அடக்கமும் இல்லாமல் போயிற்றே என்று பலர் வேதனைப்படுகிறார்கள். 410 இல் உரோமை நகர் சூறையாடப்பட்டபோதும் பிணங்கள் அடக்கமின்றிக் கிடந்தன. அடக்கம் அன்பின் கடமை. ஆனால் அது கிடைக்காததால் உயிர்ப்புக்கு எவ்விதக் குறையும் இல்லை என்று புனித அகுஸ்தீனார் அக்காலத்தில் எழுதினார். விதை விழுந்த இடம் நமக்குத் தெரியாவிட்டாலும் கடவுளுக்குத் தெரியும். காணாமற்போனவருக்காகவும் செபிக்கலாம். செபிப்பதால் அவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகாது. உண்மையைக் கேட்கும் உரிமையும் போய்விடாது.

கலந்துரையாடலுக்கு

(அ) “எல்லாம் விதி” என்று நாம் எப்போது சொல்கிறோம்? அப்படிச் சொன்னபின் செய்யாமல் விட்ட வேலைகள் எவை?

(ஆ) யோவான் 9ஆம் அதிகாரத்தைக் குழுவாக வாசியுங்கள். உங்கள் கிராமத்தில் யாரைப் பார்த்து “இவர் செய்த பாவம்” என்று பேசுகிறார்கள்?

(இ) கார்த்திகை 2ஆம் திகதி, சகல ஆத்துமாக்கள் நினைவு நாளில், கல்லறை இல்லாதவர்களின் பெயர்களையும் சேர்த்து வாசிக்க உங்கள் பங்கில் என்ன ஒழுங்கு செய்யலாம்?