தொலைநிலைப் பட்டம்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை



பத்தாம் வகுப்போடு நின்று, நிக்காஹ் ஆகி, பிள்ளைகளை ஆளாக்கிய பிறகு மீண்டும் படிக்க ஆசைப்படும் சகோதரிகள் நம் மோகனூரில் இருக்கிறார்கள். ஹிஃப்ளு முடித்துவிட்டு, பள்ளிப் படிப்பை எட்டாம் வகுப்பிலேயே விட்ட இளைஞர்களும் உண்டு. கடையையோ வண்டியையோ விட்டுவிட்டு நாமக்கல்லுக்குத் தினமும் கல்லூரிக்குப் போய்வர இவர்களால் இயலாது. இவர்களுக்காகவே தொலைநிலைக் கல்வி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதை இம்மாதப் பாடமாக எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் தாழ்ந்த பட்டமல்ல. நேரில் படித்த பட்டத்துக்கு அது சமமானது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 செப்டம்பரில் அறிவித்திருக்கிறது. ஆனால் பட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் இரண்டு விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். ஒன்று படிப்பின் வரிசை, மற்றொன்று அங்கீகாரம்.

1. வரிசை மாறக் கூடாது

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு மூன்றாண்டுப் பட்டம், அதன் பிறகே முதுகலை. இதுதான் வரிசை. முன்பு சில பல்கலைக்கழகங்கள் வயதை மட்டும் பார்த்து, இளங்கலை படிக்காதவர்களையும் நேராக எம்.ஏ.வில் சேர்த்துக்கொண்டன. அப்படிப் பெற்ற ஒரு எம்.ஏ. பட்டத்தைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சென்னைத் திரைப்படக் கல்லூரியின் முதல்வர் பதவி தொடர்பான வழக்கு அது. அடிப்படைப் பட்டம் இல்லாமல் பெற்ற எம்.ஏ. செல்லாது என்று 2009 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அரசாணை எண் 107ஐ வெளியிட்டது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறிய பிறகு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டமே அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படும் என்பது அதன் சாரம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு இல்லாதவர்கள் ஆயத்தப் படிப்பு ஒன்றை முடித்து இளங்கலையில் சேரும் வழி இக்னோவில் இருக்கிறது. அறிவை வளர்க்கவும் சொந்தத் தொழிலுக்கும் அது பயன்படும். அரசு வேலை உங்கள் நோக்கமானால் அந்தக் குறுக்குவழி வேண்டாம். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதி, பத்தையும் பன்னிரண்டையும் முடித்துவிட்டுப் பட்டத்துக்குப் போங்கள். ஓரிரு ஆண்டு கூடுதலாகும். பின்னால் பட்டம் கையிலிருந்தும் பயனில்லாத நிலை வராது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு இருக்கிறது. அந்த இடத்தில் அமரவும் சரியான சான்றிதழ்தான் வேண்டும்.

2. அங்கீகாரத்தை நீங்களே பாருங்கள்

பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் நம்பிச் சேரக் கூடாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பழமையான, பெயர் பெற்ற நிறுவனம். ஆயினும் அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரையே அங்கீகாரம் தந்திருந்ததாக யுஜிசி 2022 மார்ச்சில் பொது அறிவிப்பு வெளியிட்டது. அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்கு எவ்வளவு கவலை ஏற்பட்டிருக்கும்! ஆகவே நீங்கள் சேரும் ஆண்டில், நீங்கள் சேரும் அதே படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாநிலப் பல்கலைக்கழகமோ தனியார் பல்கலைக்கழகமோ தன் மாநில எல்லைக்கு வெளியே தொலைநிலைக் கல்வி மையம் நடத்தக் கூடாது என்பது விதி. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான இக்னோ நாடு முழுவதும் நடத்தலாம். ஆகவே வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் பலகையை மாட்டிக்கொண்டு, "ஒரே வருடத்தில் டிகிரி" என்று யாராவது அழைத்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். நம் மாநிலத்தில் 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே தமிழ் வழியிலும் படிக்கலாம். பொறியியல், மருத்துவம், நர்சிங், சட்டம் ஆகிய பட்டங்களைத் தொலைநிலையில் நடத்த அனுமதியே இல்லை.

3. நேரமும் உழைப்பும்

இக்னோவில் பி.ஏ. படிப்பை மூன்று ஆண்டில் முடிக்கலாம், ஆறு ஆண்டு வரை அவகாசமும் உண்டு. தேர்வு ஜூன், டிசம்பர் மாதங்களில் நடக்கும். அசைன்மென்ட் எழுதிக் கொடுப்பது கட்டாயம். பெரும்பாலான பாடங்களில் அதற்கு 30 சதவீத மதிப்பெண். பலர் படிப்பை விடுவது தேர்வு கடினம் என்பதால் அல்ல, அசைன்மென்ட் தேதியைத் தவறவிடுவதால்தான். தினம் ஃபஜ்ருக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கினாலும் போதும். அந்த ஒரு மணி நேரத்தை வீட்டிலுள்ளவர்கள் மதிக்க வேண்டும். மனைவியோ மருமகளோ படிக்கிறார் என்றால் அந்த நேரத்து அடுப்பு வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொள்வதும் உதவிதான்.

4. பெயரைச் சரிசெய்யுங்கள்

தொலைநிலைப் படிப்பில் சேர 2024 முதல் யுஜிசியின் டெப் ஐடி எண் கட்டாயம். நம் சகோதரிகள் பலருக்குப் பள்ளிச் சான்றிதழில் "பீவி" என்றும் ஆதாரில் "பேகம்" என்றும் இருக்கிறது. இனிஷியலும் சிலருக்குத் தந்தை பெயரில், சிலருக்குக் கணவர் பெயரில். சேரும் முன்பே பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி ஆதாரைத் திருத்திக்கொள்ளுங்கள்.

சுருக்கமாக:

- பத்து, பன்னிரண்டு சான்றிதழ்கள் கையில் உள்ளனவா?
- இந்த ஆண்டு, இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா?
- கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே போகிறதா? ரசீது அதன் பெயரில் வருகிறதா?
- எல்லா ஆவணங்களிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா?

நான்குக்கும் "ஆம்" என்றால் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சேருங்கள். ஒன்றில் ஐயம் இருந்தாலும் பணம் கட்டாமல் சான்றிதழ் நகல்களோடு நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து இருந்து சரிபார்ப்போம், இன்ஷா அல்லாஹ். உங்கள் முயற்சியை அல்லாஹ் பயனுள்ளதாக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்