பெட்டியைத் தருகிறேன், பெயர்களை எழுதிக்கொள்

புந்தோங், ஈப்போ

அன்புள்ள பாப்பா,

செம்பனைக் காட்டுக்குள் தன்னந்தனியாகக் காரோட்டிப் போய் இடிந்த லயங்களைப் படமெடுக்கிறாயாம். உன் அம்மா நேற்றுப் போனில் சொன்னாள். மழைக்குப் பிறகு அந்த மண்ரோடு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அடுத்த முறை தம்பியையாவது கூட்டிக்கொண்டு போ.

சங்கத்தின் கண்காட்சிக்குத் தாத்தாவின் தகரப் பெட்டியைக் கேட்டிருந்தாய். ஜனவரியில் சிங்கப்பூர் வேலைக்குப் போவதற்குள் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். படங்களை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றில்கூடப் பெயரில்லை. பெரட்டுக்களத்தில் நிற்கும் 22 பேரில் எனக்கு ஒன்பது பேரைத்தான் அடையாளம் தெரிகிறது. மூத்த அத்தைக்கு எல்லாரையும் தெரியும். அவளுக்கு வயது 88 ஆகிறது.

தோட்டம் கைமாறிய வாரத்தில் நடந்தது நீ கேட்டுச் சலித்த கதைதான், இன்னொரு தரம் கேள். ஆபீஸிலிருந்த செக்ரோல் பெயர்ப்பதிவுப் புத்தகங்களை ஸ்டோருக்குப் பின்னால் குவித்துக் கொளுத்தினார்கள். இரண்டு நாள் புகைந்தது. நான் பத்தடி தள்ளித்தான் நின்றேன். ஒன்றைக் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். வாய் வரவில்லை. சின்னத்தாத்தாவின் பெயர் எழுத்தில் இருந்தது அந்தப் புத்தகத்தில் மட்டும்தான். 1943இல் ஜப்பான்காரன் அவரைச் சயாமில் ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போன பிறகு, அந்தப் பெயருக்கு நேராக ஒரு கோடு கிழித்திருந்ததை உன் தாத்தா பார்த்திருக்கிறார். அந்தக் கோடுகூட இப்போது இல்லை.

அந்த ரயில்பாதையைப் பார்க்க நான் காஞ்சனபுரி போய்வந்தபோது எத்தனை நாள் பேசாமல் இருந்தேன் என்று உன் பெரியம்மாவைக் கேள். 415 கிலோமீட்டர் தண்டவாளம். செத்த போர்க்கைதிகளுக்கு அங்கே வரிசை வரிசையாகக் கல்லறை, ஏறக்குறைய 7,000 பேருக்கு. நம் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் பேருக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் இல்லை.

பாப்பானில் 74ஆம் எண் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து நீயே சொன்னாயே. சிபில் கார்த்திகேசு அம்மையார் கொரில்லாக்களுக்கு வைத்தியம் பார்த்ததும், ஜப்பான்காரனிடம் பட்ட சித்திரவதையும் இன்று நமக்குத் தெரிகிறதென்றால், 1954இல் அவர் நினைவுகள் புத்தகமாக வந்ததால்தான். எழுதி வைக்காமல் 1948இல் கண்ணை மூடியிருந்தால், அந்தத் தெருவின் மற்ற வீடுகளைப் போல அதையும் மரவேர் மூடியிருக்கும். பத்து காஜாவில் கெல்லி துரையின் மாளிகைக்குப் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருகிறார்கள். பக்கத்து மாரியம்மன் கோயில் கூரைமேல் துரைக்கு உருவமும் உண்டு. மாளிகைக்குக் கல் சுமந்த நம் ஆட்கள் யார் யார்? யாரிடம் போய்க் கேட்பது?

எது செய்வதென்று நீயே முடிவு செய். டிசம்பரில் படங்களைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு நிம்மதியாகக் கிளம்பலாம். இல்லாவிட்டால் நாலு சாயங்காலம் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு முகமாகக் காட்டி, பெயர் என்ன, ஊரில் எந்தக் கிராமம், எந்த நிரையில் பால் வெட்டினார், யாருக்கு என்ன உறவு என்று எழுதிக்கொள்ளலாம். நான் வற்புறுத்தவில்லை. கண்காட்சியை அடுத்த வருஷமும் வைக்கலாம். போன மாதம் அத்தை என்னையே ஒரு நிமிஷம் யார் என்று கேட்டாள்.

படித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. நம் வீட்டுப் பிள்ளைகளில் அந்தப் பெட்டி எங்கே என்று கேட்டது நீ ஒருத்திதான். சிங்கப்பூர் வேலையில் எனக்கும் சந்தோஷம்தான், உன் சம்பளத்தைச் சொல்லிச் சொல்லி இங்கே எல்லாரையும் அலுக்க வைத்துவிட்டேன். சனிக்கிழமை வா. பெரியம்மா முறுக்கு சுட்டு வைப்பாள், நான் கச்சாங் பூத்தே வாங்கி வைக்கிறேன். பெட்டிச் சாவி சாமி மேடையில் இருக்கிறது, அத்தையையும் கூட்டி வந்துவிடுகிறேன். நாய்க்குப் பயந்து வெளியே நிற்காதே, ஹார்ன் அடி, நானே வந்து கேட்டைத் திறக்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா